பாரம்பரிய நெல் விதை வங்கி: பண்புத் தரவு எடுப்பதும் மதிப்பிடுவதும்

விதை வங்கி அலமாரியில் நூறு டப்பா இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். ஒரு விவசாயி வந்து, "உப்புத் தண்ணிக்குத் தாங்குற நெல்லு எது?" என்று கேட்டால் எந்த டப்பாவை எடுத்துக் கொடுப்பது? யாரோ சொன்னதை வைத்துக் கொடுக்கலாம். வயலில் வைத்துப் பார்த்து, எழுதி வைத்ததை வைத்தும் கொடுக்கலாம். இரண்டாவது வழிக்குத்தான் பண்புத் தரவு வேண்டும். இதில் அளவுகோலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாததால் வரும் பிழை குறைவு. எந்த விதையை விதைத்தோம், எந்தச் செடியை அளந்தோம், என்றைக்குப் பார்த்தோம் என்ற மூன்றில் ஒன்று நழுவும்போதுதான் தரவு பெரும்பாலும் கெடுகிறது. கீழே உள்ள முறை முழுவதும் அந்த மூன்றையும் நழுவ விடாமல் இருப்பதற்காகவே.

பண்புகள் இரண்டு வகை. தூரடியின் நிறம், இலைநாவின் வடிவம், அரிசித் தோலின் நிறம் போன்றவை எந்த ஊரில் நட்டாலும் மாறாதவை, கண்ணால் பார்த்து எழுதக்கூடியவை. ரகத்துக்கு இவைதான் அங்க அடையாளம். விளைச்சல், வறட்சி, உப்பு, பூச்சி, நோய் தாங்கும் திறன், சமையல் தரம் ஆகியவை மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறும். முதல் வகையைப் பதிவது, இரண்டாவதை மதிப்பிடுவது. அடையாளம் உறுதியாகாத விதையை மதிப்பிட்டு எந்தப் பயனும் இல்லை. அதனால் முதல் ஆண்டில் பதிவை மட்டும் முடித்துவிட்டு மதிப்பீட்டுக்குப் போவது நல்லது.

வயலுக்கு முன்: பெயரும் சாட்சி விதையும்

விதை வந்த அன்றே சேகரிப்பு எண் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு எல்லா இடத்திலும் அந்த எண்தான் பேச வேண்டும். பெயரை நம்ப முடியாது. கருங்குறுவையில் உமி கருப்பு, அரிசி சிவப்பு. கருப்புக் கவுனியில் அரிசியே கருப்பு. பெயரில் இருக்கும் 'கருப்பு' இரண்டிலும் ஒரே பண்பைக் குறிக்கவில்லை. 'சம்பா' என்பது சில பெயர்களில் பருவம், சில பெயர்களில் சன்ன அரிசிக்கான சொல். ஒரே பெயரில் இரண்டு மாவட்டங்களிலிருந்து வரும் நெல் வேறு வேறாக இருக்கலாம். ஒரே நெல் மூன்று பெயரிலும் வரலாம். பெயரை விவசாயி சொன்னபடியே, அவர் உச்சரிப்பிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் அதிலேயே ஒரு பண்பு கிடைக்கும். காட்டுயானம் என்றால் யானை மறையும் உயரம் என்பார்கள், கருடன் சம்பா என்றால் மணியில் உள்ள வெள்ளையைக் காட்டுவார்கள். இவை வயலில் சரிபார்க்க வேண்டிய கூற்றுகள். 'விவசாயி சொன்னது' என்று தனிக் கட்டத்தில் வைத்து, அளந்ததோடு கலக்காமல் வையுங்கள்.

அதோடு எடுத்த ஊர், வட்டம், எடுத்த தேதி, மண், பாசனம், எந்தப் பருவத்தில் விதைப்பார்கள், எத்தனை ஆண்டாக வைத்திருக்கிறார்கள், வீட்டில் எதற்குச் சமைப்பார்கள் என்பவற்றையும் எழுதுங்கள். இட அடையாளத்தைத் தசம டிகிரியில் எழுதுங்கள். 10.37, 79.85 என்றால் வேதாரண்யம் பக்கம் என்று தெரியும், ஆனால் இரண்டு தசம இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் துல்லியம்தான். நான்கு இடம் எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் வந்துவிடும், வயலையே காட்டலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகங்களைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்ற பதிவு நாளைக்கு அந்த ஊருக்கே தேவைப்படும். கொடுத்தவரின் ஒப்புதலையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

அடுத்து, பலர் செய்யாமல் விட்டுப் பின்னால் வருந்தும் வேலை: வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் 100 மணியை எண்ணி எடுத்து, சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, எண் எழுதி மூடிவிடுங்கள். இதுதான் சாட்சி விதை. அறுவடைக்குப் பின் புதிய மணியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உமி நிறமோ, மணியின் நீளமோ, மீசையோ மாறியிருந்தால் நாற்றங்காலிலோ களத்திலோ கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சேகரிப்பின் அந்த ஆண்டுத் தரவு முழுவதையும் ஒதுக்க வேண்டும். சாட்சி விதை இல்லாமல் இந்தக் கலப்பைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

விதைக்குமுன் முளைப்புத்திறன் பாருங்கள். வழக்கமான சோதனைக்கு 400 விதை, நூறு நூறாக நான்கு தட்டு. விதை குறைவாக இருந்தால் 50 விதை வீதம் இரண்டு தட்டு போதும். புதிதாக அறுத்த நெல் முளைக்கவில்லை என்றால் செத்ததாக எண்ணிவிடாதீர்கள், விதை உறக்கமாக இருக்கலாம். உலர்ந்த விதையை 50 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் 4 அல்லது 5 நாள் வைத்து எடுத்து மறுபடி பாருங்கள்.

எந்தப் பருவத்தில் வைப்பது

பாரம்பரிய நீண்டகால நெல்லில் பல, பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். அவற்றை நவரையில், டிசம்பர் - ஜனவரியில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போகும், பயிரும் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். எனவே முழுத் தொகுப்பையும் ஒன்றாக வைப்பதானால் சம்பாப் பருவமே ஏற்றது. ஆகஸ்ட் நாற்று விட்டால் குறுகிய கால ரகமும் விளையும், நீண்ட கால ரகமும் விளையும். சிக்கல் என்னவென்றால், டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை பூக்கும் காலத்தில் கொட்டும். வடிகால் உள்ள வயலைத் தேர்ந்தெடுங்கள்.

பகல் நேரத்துக்குக் கட்டுப்பட்ட ரகமா என்று அறிய எளிய வழி, அதே விதையை இரண்டு தேதியில் விதைப்பது. ஜூலை 15 ஒன்று, ஆகஸ்ட் 30 ஒன்று என்றால் இடைவெளி 46 நாள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் பூத்தால் பகல் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. 46 நாள் தள்ளியே பூத்தால் கட்டுப்படாதது. வயதைப் பதியும்போது விதைத்த தேதியும் கூடவே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். '160 நாள் ரகம்' என்று மட்டும் எழுதி வைத்தால் வேறு மாதத்தில் விதைப்பவருக்கு அந்த எண் பொய்யாகிவிடும்.

வயல் அமைப்பு

விதை வங்கியில் ஒவ்வொரு சேகரிப்பிலும் கொஞ்சம் விதைதான் இருக்கும். எல்லாவற்றையும் மூன்று முறை நட இடமும் இருக்காது. இதற்கு ஏற்ற முறை: சேகரிப்புகளை ஒரு முறை மட்டும் நட்டு, நன்றாகத் தெரிந்த செக் ரகங்களை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ரகங்களை, ஒவ்வொரு தொகுதியிலும் திரும்பத் திரும்ப நடுவது. 100 சேகரிப்பு என்றால் 5 தொகுதி, ஒவ்வொன்றிலும் 20 சேகரிப்பும் 4 செக்கும், ஆக 24 பாத்தி. மொத்தம் 120 பாத்தி. செக் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, தொகுதி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால் 12-க்குக் குறையக் கூடாது. இங்கே 3 பெருக்கல் 4, சரியாக 12. மூன்று செக்கோடு நிறுத்தினால் 8-தான் வரும், பிழையைக் கணக்கிட அது போதாது.

செக் ரகங்களை வயது பார்த்து எடுங்கள். 110 நாளுக்கு ஏடிடி 43, 135 - 140 நாளுக்கு வெள்ளைப் பொன்னி, 155 - 160 நாளுக்கு சிஆர் 1009. நான்காவதாக உங்கள் பகுதியில் எல்லோரும் அறிந்த ஒரு பாரம்பரிய உயர ரகத்தை வையுங்கள். உயரம் குறைந்த ரகங்களை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாரம்பரிய நெல்லுக்கு நியாயம் கிடைக்காது.

ஒரு பாத்திக்கு மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை 25 செ.மீ., குத்துக்குக் குத்து 15 செ.மீ., வரிசை நீளம் 3 மீட்டர். வரிசைக்கு 20 குத்து வரும். ஒரு குத்துக்கு ஒரே நாற்று. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு நாற்று வைத்தால் தூர் எண்ணிக்கை எந்தச் செடியுடையது என்றே தெரியாது. பாத்திக்கு 60 நாற்று வேண்டும், 5 கிராம் விதை தாராளமாகப் போதும்.

சேகரிப்புகளை எண் வரிசையிலேயே நட வேண்டியதில்லை. ஒரு தொகுதிக்குள் எதை எங்கே வைப்பது என்பது குலுக்கலில்தான் முடிவாக வேண்டும், ஆனால் முழு வயலையும் குறுகிய வயது, நீண்ட வயது என இரண்டாகப் பிரித்துவிட்டுத் தனித்தனியே குலுக்குங்கள். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் நான்கு செக்கும் மறுபடி வர வேண்டும். நீண்ட கால ரகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் முன்னால் பழுத்தால் சுற்றுவட்டாரச் சில்லையும் கிளியும் அந்தப் பாத்தியில்தான் இறங்கும். ஆறடி வளரும் நெல்லுக்குப் பக்கத்தில் குட்டை நெல் இருந்தால் நிழலில் சோணிப்போகும், உயரமானது சாய்ந்தால் அதன் மேலேயே விழும். குலுக்கலில் ஒரே மாதிரி மணி உள்ள இரண்டு சேகரிப்பு அடுத்தடுத்து விழுந்தால் மறுபடி குலுக்கலாம். கருப்பு உமிக்குப் பக்கத்தில் வைக்கோல் நிற உமி வந்தால் கலப்பு கண்ணுக்குத் தெரியும்.

புது ரகங்களுக்குச் சொல்லும் முழு அளவு தழைச்சத்தை இதற்கு இடாதீர்கள். உயர நெல் சாய்ந்துவிடும், சாய்ந்த பாத்தியில் பாதிப் பண்பை அளக்க முடியாது. ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்தை மூன்றாகப் பிரித்து, எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள்.

நாற்றங்காலில் நடக்கும் கலப்பு

கலப்பின் பெரும்பகுதி நாற்றங்காலில்தான் நடக்கும். முளைகட்டிய விதையைத் தெளித்த இரவில் ஒரு மழை பெய்தால் விதை மிதந்து பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும். மேட்டுப் பாத்தி போட்டு, சேகரிப்புக்குச் சேகரிப்பு ஒரு சாண் இடைவெளியும் கரையும் வையுங்கள். தட்டுகளில் விடுவது இன்னும் பாதுகாப்பு. சீட்டில் பேனாவால் எழுதினால் மூன்று வாரத்தில் மை போய்விடும். மெல்லிய அலுமினியத் தகட்டில் எழுத்து பதியும்படி அழுத்தி எழுதுங்கள், அல்லது பிளாஸ்டிக் சீட்டில் பென்சிலால். நாற்றுக்கட்டுக்குள் ஒரு சீட்டு, குச்சியில் ஒரு சீட்டு. கட்டைப் பிரித்த இடத்திலேயே சீட்டைக் குத்திவிட்டுத்தான் நடவு தொடங்க வேண்டும்.

நடவு வயலில் போன போகத்து உதிர் நெல் தானாக முளைக்கும். இரண்டு வாரம் முன்னால் ஒரு முறை தண்ணீர் கட்டி முளைக்கவிட்டு உழுது மடக்கி, பிறகு சேறடியுங்கள். கயிறு பிடித்து நட்டால், வரிசைக்கு வெளியே நிற்பது எல்லாம் தானாக வந்தது என்று தயங்காமல் பிடுங்கிவிடலாம்.

எந்தப் பண்பை எப்போது பார்ப்பது

நெல்லுக்கான பண்புப் பட்டியலைப் பன்னாட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2007-ல் வெளியிட்டன. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒன்று. குறியீட்டு எண்களை அதிலிருந்தே எடுங்கள். சொந்தமாக எண் உருவாக்கினால் உங்கள் தரவை வேறு எந்த வங்கியோடும் ஒப்பிட முடியாது. பட்டியலில் உள்ள எல்லாப் பண்பையும் முதல் ஆண்டிலேயே பிடிக்க வேண்டாம். இருபத்தைந்தைப் பிழையில்லாமல் எடுத்தால் அதுவே பெரிய சொத்து.

நட்ட 40 நாள் வாக்கில் தூரடி நிறம் பார்க்கலாம். சேற்றைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, வெளி உறையைப் பாருங்கள். பச்சை, ஊதாக் கோடு, வெளிர் ஊதா, ஊதா என நான்கு நிலை. சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் பச்சைகூட ஊதா போலத் தெரியும். ஒரு சேகரிப்பில் 58 குத்து பச்சையாக, இரண்டு ஊதாவாக நின்றால் அந்த இரண்டைக் குறித்து வையுங்கள். கலப்பை முதலில் காட்டிக்கொடுப்பது இந்தப் பண்புதான்.

பொதி கட்டும் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும்போது, இலை. அளக்க வேண்டியது கண்ணாடி இலைக்கு (கதிரை ஒட்டி வரும் கடைசி இலை) அடுத்த கீழ் இலை, அதுவும் தாய்த் தண்டில். கண்ணாடி இலையையே அளந்துவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. அது குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், எண் முழுவதும் மாறிவிடும். இலைத்தாளும் உறையும் சேரும் இடத்தில் உள்ள சவ்வுதான் இலைநா. இலையை மெதுவாகப் பின்னால் வளைத்துப் பார்த்தால் முனை மொட்டையா, கூரா, இரண்டாகப் பிளந்ததா என்று தெரியும். முதிர்ந்த இலையில் காற்றில் அடிபட்டு நாக்கு கிழிந்திருக்கும், கூரானதைப் பிளந்தது என்று எழுதிவிடுவோம். இளம் இலையில் ஒரு முறை சரிபாருங்கள்.

வயதுக்குப் பாத்தியில் பாதிக் குத்துகள் கதிர் தள்ளிய நாள் கணக்கு. 60 குத்தில் 30-ல் கதிர் முனை தெரிந்த தேதி. இதைப் பின்னால் நினைவிலிருந்து எழுத முடியாது. கதிர் தள்ளும் காலம் முழுவதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வயலைச் சுற்ற வேண்டும். தாளில் எழுத வேண்டியது தேதி மட்டுமே. விதைத்த தேதியைக் கழித்து நாள் எண்ணுவதைக் கணினியிடம் விடுங்கள்.

பூக்கும்போது சூல்முடி நிறம். காலை 9 மணிக்கு மேல் 2 மணிக்குள், பூ வாய் திறந்திருக்கும் நேரத்தில், கைக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். வெள்ளை, வெளிர் பச்சை, மஞ்சள், வெளிர் ஊதா, ஊதா. நெல்மூக்கின், அதாவது மணியின் கூர்நுனியின், நிறத்தையும் அப்போதே எழுதுங்கள். பூக்கும்போது நல்ல ஊதாவாக இருக்கும் மூக்கு, பழுக்கும்போது வெளிறிப் பழுப்பாகிவிடும். அறுவடைக்கு முன்னால் மட்டும் பார்ப்பவர்கள் ஒரு நல்ல அடையாளத்தை இழந்துவிடுகிறார்கள். பழுத்தபின் இரண்டாம் முறை பார்த்துத் தனிக் கட்டத்தில் எழுதலாம்.

பழுக்கும்போது உயரம், தூர், கதிர். தரையிலிருந்து கதிரின் அடிக்கணு வரை தண்டின் உயரம், கதிர் நுனி வரை செடியின் உயரம். மீசையைச் சேர்க்காதீர்கள். இரண்டில் எதை அளந்தோம் என்று தலைப்பில் எழுதாமல் விட்டால் 25 செ.மீ. வித்தியாசம் வரும், யாராலும் பிறகு சரிசெய்ய முடியாது. சாய்ந்த செடியை நிமிர்த்திப் பிடித்து அளந்து, சாய்ந்ததைத் தனியே குறியுங்கள். உதிர்வதற்கு, பழுத்த கதிரைக் கைக்குள் வைத்து லேசாக உருட்டி, உதிர்ந்த மணியின் சதவீதத்தைப் பாருங்கள். 1-க்குக் கீழ் என்றால் குறியீடு 1, 5 வரை 3, 25 வரை 5, 50 வரை 7, அதற்கு மேல் 9.

அளக்க வேண்டிய செடியை முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடு வரிசையில் 4-ஆம் குத்திலிருந்து 13-ஆம் குத்து வரை பத்துச் செடி, எல்லாப் பாத்தியிலும் அதே. வயலில் போய் நின்றால் கை தானாக நல்ல செடியைத் தேடும், நூறு பாத்தியிலும் அப்படித் தேடினால் தொகுப்பு முழுவதும் மிகைபடும். ஒரு குத்து செத்திருந்தால் அதன் பக்கத்துக் குத்துக்கு இடம் கூடித் தூர் பெருகும், அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு பண்பை ஒருவரே எல்லாப் பாத்தியிலும் பார்ப்பது நல்லது. ஒரே நாளில் முடியாவிட்டால் தொகுதியின் ஓரத்தில் நிறுத்துங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். நாளின் வித்தியாசம் அப்போது தொகுதியின் வித்தியாசத்துக்குள் போய்விடும், செக் ரகம் அதைச் சரிசெய்துவிடும். நிறம் பார்க்க இருவர் இருந்தால், முதலில் 20 பாத்தியைத் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். 18-க்குக் குறைவாக ஒத்துப்போனால் நிறத்துக்கு மாதிரிச் செடியை முன்னால் வைத்துப் பேசி, மறுபடி தொடங்குங்கள்.

கலவனா, பன்மையா

விதைப் பண்ணையில் பழகியவர்களுக்கு வித்தியாசமான செடியை, அதாவது கலவனை, கண்டதும் பிடுங்கக் கை பரபரக்கும். விதை வங்கியில் அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள். பாரம்பரிய நெல் பெரும்பாலும் ஒரே வார்ப்பு இல்லை. தலைமுறைகளாக விவசாயி வைத்திருந்த ஒரு கூட்டம் அது. அதில் மீசை உள்ளதும் இல்லாததும் சேர்ந்தே வந்திருக்கலாம், ஒரு பஞ்ச காலத்தில் அந்தக் கலவையே குடும்பத்தைக் காத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்து ஒரே மாதிரி ஆக்கினால், காக்க எடுத்து வந்ததையே நாம் அழித்துவிடுகிறோம்.

எப்படிப் பிரிப்பது? சாட்சி விதைக் குப்பியைப் பாருங்கள். அங்கேயும் இரண்டு வகை மணி அதே அளவில் இருந்தால் அது கூட்டத்தின் இயல்பு. வயலில் மட்டும், அதுவும் பாத்தி ஓரத்தில், பக்கத்துப் பாத்தி நெல்லைப் போலவே ஒன்றிரண்டு நின்றால் அது நம் கையால் நேர்ந்த கலப்பு, அதை எடுத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் அந்தச் செடியின் கதிரைத் தனியே அறுத்து, சேகரிப்பு எண்ணுக்குக் கீழ் ஒரு துணை எண் கொடுத்து, அடுத்த ஆண்டு தனி வரிசையில் வைத்துப் பாருங்கள். தரவில் இரு வகையின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்: மீசை உள்ளது 41, இல்லாதது 19. குறியீடுகளை மட்டும் சராசரி போடாதீர்கள். 3 என்பது ஒரு நிறம், 7 இன்னொரு நிறம், இரண்டுக்கும் நடுவில் 5 என்று ஒரு நிறம் அந்த வயலில் எங்கும் இல்லை.

அறுவடைக்குப் பின்

ஒவ்வொரு பாத்தியையும் தனித் துணிப்பையில் அறுத்து, கையால் உதிர்த்து, பாயை ஒவ்வொரு முறையும் உதறிவிட்டு அடுத்ததை எடுங்கள். இங்கேயும் கருப்பு உமிக்குப் பிறகு வைக்கோல் நிற உமி என மாற்றி மாற்றி உதிர்த்தால், தப்பிய மணி உடனே தெரியும். மணியின் எடையை ஈரப்பதத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். 18 சதவீத ஈரத்தில் ஆயிரம் மணி 22.4 கிராம் என்றால், 14 சதவீதத்துக்கு மாற்ற 82-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். 21.4 கிராம் வரும். ஒரு கிராம் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம், சன்ன ரகத்தையும் நடுத்தர ரகத்தையும் பிரிப்பது அந்த ஒரு கிராம்தான். நீள அகலத்துக்கு உமி நீக்கிய பத்து அரிசியை வெர்னியரில் அளந்து சராசரி எடுங்கள். நீலத் துணியில் பத்து மணி நெல், பத்து அரிசி, அளவுகோல், எண் சீட்டு நான்கும் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சமையல் தரத்தில் செலவில்லாத சோதனை மூன்று இருக்கின்றன. பசையரிசியா என்று அறிய, அரிசியை வெட்டி அயோடின் துளி விடுங்கள். சாதாரண அரிசி நீலக் கருப்பாகும், பசையரிசி செம்பழுப்பாகும். மற்ற இரண்டுக்கும் 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 85 சதவீதத் தூய்மை என்பதால் லிட்டருக்கு 17 கிராம் போதாது, 20 கிராம் போட வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் புதிதாகக் கரையுங்கள், பழைய கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலுவிழக்கும். கையுறை கட்டாயம், சதையை அரிக்கும்.

வாசனைக்கு 2 கிராம் இலையைச் சிறிதாக நறுக்கி, 10 மில்லி கரைசலில் போட்டு, மூடி 10 நிமிடம் வைத்துத் திறந்து முகருங்கள். சீரகச் சம்பாவை வாசனைக்கும் வெள்ளைப் பொன்னியை வாசனையின்மைக்கும் மாதிரியாகக் கூடவே வையுங்கள். ஒரு மூக்கு பத்துத் தட்டுக்கு மேல் தாங்காது, மூவர் தனித்தனியே எழுத வேண்டும். வேகும் சூட்டை அறிய, தீட்டிய முழு அரிசி ஆறை 10 மில்லி கரைசலில் 30 டிகிரியில் 23 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அப்படியே இருந்தால் 1, முழுவதும் கரைந்து பரவினால் 7. குறைந்த எண் வந்தால் அந்த அரிசிக்கு அதிகச் சூடும் நேரமும் வேண்டும்.

தாங்கும் திறனை மதிப்பிடுதல்

இங்கேதான் ஆர்வத்தில் பெரிய தவறு நடக்கிறது. ஒரு பாத்தியில் குலைநோய் வரவில்லை என்றால் 'குலைநோய் தாங்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு அந்த வயலுக்கு நோயே வராமல் இருந்திருக்கலாம். நோய்க்கு எளிதில் விழும் ரகம் பக்கத்தில் நின்று, அது விழுந்தால்தான் மற்றதன் எண்ணுக்கு மதிப்பு. அப்படி எளிதில் விழும் ரகங்கள்: குலைநோய்க்கு கோ 39, புகையான் பூச்சிக்கு டைச்சுங் நேட்டிவ் 1, உப்புக்கு ஐஆர் 29. தாங்கும் பக்கத்துக்குப் புகையானில் பிடிபி 33, உப்பில் பொக்காலி. புகையான் சோதனையில் தட்டிலுள்ள டைச்சுங் நேட்டிவ் 1 நாற்றில் 90 சதவீதம் செத்த பிறகே மற்றவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். அதற்கு முன் போட்டால் எல்லாமே தாங்குவது போலத் தெரியும்.

உப்புக்கு நாற்றுப் பருவத்தில் ஊட்டக் கரைசலில் உப்புச் சேர்த்து, மின்கடத்துத்திறனை மீட்டருக்கு 12 டெசிசீமன்ஸில் நிறுத்திப் பார்ப்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஏறும், அதனால் தினமும் மீட்டரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நாற்றில் தாங்கும் ரகம் பூக்கும் பருவத்திலும் தாங்கும் என்று உறுதியில்லை. 'நாற்றுப் பருவ உப்பு' என்றே தலைப்பிடுங்கள்.

கணக்கும் கோப்பும்

தொகுதிக்குத் தொகுதி மண் மாறும், அதைச் செக் ரகங்கள் காட்டும். மூன்றாம் தொகுதியில் செக் ரகங்களின் உயரச் சராசரி 112 செ.மீ., ஐந்து தொகுதிக்கும் சேர்த்துச் சராசரி 107 என்றால், அந்தத் தொகுதி 5 செ.மீ. கூட்டிக் காட்டுகிறது. அங்கே 148 வந்த சேகரிப்பை 143 என்று எடுங்கள். அளந்த எண்ணை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள்.

ஒரு பாத்திக்கு ஒரு வரி, ஒரு பண்புக்கு ஒரு கட்டம், தலைப்பிலேயே அலகு. பார்க்காததை வெற்றிடமாக விடுங்கள், 0 போடாதீர்கள். 0 என்பது மீசை இல்லை என்றும் நோய் இல்லை என்றும் பொருள்படும் ஓர் அளவு. கைபேசியில் ஃபீல்ட் புக் என்ற இலவசச் செயலியில் பண்புக்கு எல்லை கொடுத்துவிட்டால், 14 என்பதை 140 என்று தட்டும்போது அங்கேயே தடுக்கும். எல்லையைத் தாண்டிய எண் வந்தால் மேசையில் உட்கார்ந்து திருத்தாதீர்கள், செடி வயலில் நிற்கும்போதே போய் மறுபடி அளந்துவிடுங்கள். ஆகவே அன்றைய தரவை அன்று மாலையே பார்க்க வேண்டும்.

இரண்டு சேகரிப்பு எல்லாப் பண்பிலும் ஒத்துப்போனால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அடுத்தடுத்த வரிசையில் நட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு வேரிலும் நோய்த் தாங்குதலிலும் இருக்கலாம், மரபணுச் சோதனை முடியும்வரை இரண்டு டப்பாவும் இருக்கட்டும். உயரம், வயது, தூர், மணி எடை, விளைச்சல் ஆகியவற்றை இரண்டாம் ஆண்டும் எடுக்க வேண்டும். நிறங்களை மறுபடி முழுதாக எடுக்கத் தேவையில்லை, முதல் ஆண்டுப் பதிவோடு நின்று ஒப்பிட்டு 'ஒத்தது' அல்லது 'ஒக்கவில்லை' என்று எழுதினால் போதும். ஒக்காதவற்றுக்கு முதல் வேலை, சாட்சி விதைக் குப்பியைத் திறப்பது.